பழகிவிடும் என்று சொல்லாதீர்கள்

மார்கழி பிறந்ததும் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் பயணப் பெட்டிகள் வெளியே வரத் தொடங்கிவிடும். கனடா 2024 ஆம் ஆண்டு முதல் மாணவர் அனுமதிகளை மட்டுப்படுத்திய பிறகும், தை மாதத் தவணைக்குப் புறப்படும் பிள்ளைகள் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். திருமணமாகிப் போகும் பெண்களும், பிள்ளைகளின் அழைப்பில் போகும் பெற்றோரும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். புறப்படும் வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: கல்லூரிக் கட்டணம், வங்கிக் கடன், தங்கப் போகும் அறை, பெட்டியின் நிறை. குளிரைப் பற்றிய பேச்சு மட்டும் தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடுகிறது. யாராவது ஒருவர், "போய் ஒரு வருசத்தில உடம்பு பழகியிடும்" என்பார், எல்லோரும் தலையசைப்பார்கள், பேச்சு மறுபடியும் பெட்டியின் நிறைக்குத் திரும்பிவிடும். பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் இந்த ஒற்றை வாக்கியம் எனக்குள் அடங்க மறுக்கிறது. அது அன்போடு சொல்லப்படுவது என்பதை அறிவேன். ஆனாலும் அது உண்மையில்லை. புறப்படும் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய ஓர் அறிவை அது வாசலிலேயே மறித்துவிடுகிறது.

சில வாரங்களுக்கு முன்பு பின்வீட்டுப் பிள்ளை தாயோடு வந்திருந்தாள். பெட்டிக்குள் வைத்தவற்றைத் தாய் ஒவ்வொன்றாகச் சொன்னார்: வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, வேர்க்கொம்பு, தைலம், இரண்டு பருத்தி மேற்சட்டைகள், யாழ்ப்பாணம் நகரக் கடையொன்றில் வாங்கிய ஒரு கம்பளிச் சட்டை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் தாய்மாமன், மற்றதெல்லாம் அங்கே வாங்கலாம், குளிரை யோசிக்கவேண்டாம், தனக்குப் பழகியதுபோல மருமகளுக்கும் பழகிவிடும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாராம். தாய் தேநீர் ஊற்ற எழுந்தபோது பிள்ளை என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அன்ரி, உண்மையிலயே பழகுமோ?" வலிகாமம் இடம்பெயர்ந்ததற்கு அடுத்த ஆண்டு, 1996 கார்த்திகையில், ரொறன்ரோவில் இறங்கியவள் நான். கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்து, அம்மாவைப் பார்ப்பதற்காகத் திரும்பி வந்திருக்கிறேன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னதையும், பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

28 பாகை

ஆடையில்லாமல், அசையாமல் இருக்கும் மனித உடல் நடுங்காமலும் வியர்க்காமலும் இருப்பதற்குச் சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் அந்த எண்ணை ஒட்டியதுதான். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. பனிநிலத்தில் பிறந்தவரின் உடம்பும் குருநகரில் பிறந்தவரின் உடம்பும் இந்த விடயத்தில் பெரிதாக வேறுபடுவதில்லை. மனிதர் எல்லோருமே வெப்ப நிலத்து உயிர்கள். குளிர்நாட்டில் வாழ்பவர் தம் தோலுக்கும் உடுப்புக்கும் இடையில் ஒரு சிறிய வெப்ப நிலத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறார். அந்தக் காற்றுப் படலம் கலையாதவரை மைனஸ் 20 பாகையிலும் அவரால் நின்று வேலை செய்யமுடியும்; அது கலைந்தால் 10 பாகை மழையில்கூட உடம்பு விறைத்துப்போகும்.

வெப்பத்துக்கு உடம்பு உண்மையாகவே பழகுகிறது. குளிர்நாட்டிலிருந்து சித்திரை வெயிலுக்கு வருபவர் ஒன்று இரண்டு வாரங்களில் முன்னதாகவும் கூடுதலாகவும் வியர்க்கத் தொடங்குவார். வியர்வையில் வெளியேறும் உப்பும் குறையும். குளிருக்கு உடம்பு காட்டும் மாற்றம் இதைவிட மிகச் சிறியது. திரும்பத் திரும்பக் குளிர்பட்டால் நடுக்கம் சற்றுக் குறையும், குளிர்கிறது என்ற உணர்வும் மங்கும். பல ஆண்டுகள் குளிர்நீரில் கைவைத்து உழைக்கும் மீனவரின் விரல்களில் இரத்த ஓட்டம் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கும். கியூபெக் மாகாணத்தின் கஸ்பே கரையோர மீனவர்களில் இது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் தோலும் தசையும் உறையும் புள்ளி எவருக்கும் மாறுவதில்லை. அது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. குளிர் தெரியவில்லை என்று சொல்பவரின் காதும் தெரிகிறது என்று சொல்பவரின் காதும் ஒரே கணக்கில்தான் உறையும். உணர்வு மங்கியவருக்கு அது காலந்தாழ்த்தித் தெரியவரும், அவ்வளவுதான்.

கொரியாவின் கரையோரங்களில் மூச்சடக்கிச் சுழியோடும் பெண்களைப் பற்றி வாசித்தது என் நினைவில் நிற்கிறது. மாரியில் 10 பாகை வரைக்கும் இறங்கும் கடலில் அவர்கள் மெல்லிய பருத்தி உடையோடு சுழியோடினார்கள். மனித உடம்பு குளிருக்கு எவ்வளவு தூரம் இணங்கும் என்பதை அறிய ஆய்வாளர்கள் அவர்களைத்தான் தேடிப்போனார்கள். மற்றவர்களைவிட அவர்களது உடம்பு குளிரை நன்றாகத் தாங்கியது உண்மையே. 1977 அளவில் அவர்கள் இறப்பர் நீச்சலுடைக்கு மாறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த இணக்கம் சிறிது சிறிதாக மறைந்துபோனது. பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்தவர்களின் உடம்பே உடுப்பு வந்ததும் குளிரை மறந்துவிட்டது என்றால், நாங்கள் சொல்லும் பழக்கம் எங்கே இருக்கிறது? ரொறன்ரோவில் வாடகைக்கு விடும் வீட்டைக் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்கவேண்டும் என்பது நகரச் சட்டம். வீட்டிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து வேலைத்தலத்துக்கும் போகிற அந்தச் சில நிமிடங்கள் போக, அங்கே வாழும் எங்கள் சனங்களின் உடம்பு நாள் முழுவதும் சூடாக்கிய காற்றுக்குள்தான் இருக்கிறது. பழகுவதற்கு அந்த உடம்புக்கு நேரமே கிடைப்பதில்லை.

நிலமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. மார்கழி விடியலில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாக இருப்பதை இங்கே வளர்ந்த எல்லோரும் அறிவோம். சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நீர் ஆண்டு முழுவதன் சராசரி வெப்பத்தைத் தாங்கி நிற்கிறது. வெளிக்காற்று 22 பாகைக்கு இறங்கும் நேரத்தில் அது சூடாகத் தெரிகிறது. ரொறன்ரோ நிலமும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது, ஆனால் அங்கே ஆண்டுச் சராசரி 9 பாகை அளவுதான். எங்கள் பிள்ளைகளில் பலர் முதலில் வாடகைக்கு எடுக்கும் பேஸ்மென்ற் அறை அந்த நிலத்துக்குள் இறக்கிக் கட்டப்பட்டது. அறையின் காற்று சூடாக இருந்தாலும் தரை காலை உறிஞ்சும். இங்கே சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த பிள்ளைக்கு, வீட்டுக்குள்ளும் தடித்த காலுறையோடும் செருப்போடும் நடக்கவேண்டும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லவேண்டும். அங்கே பாய் போட்டு நிலத்தில் படுப்பது சிக்கனமாகத் தோன்றும். ஒரு தடித்த மெத்தையாவது இல்லாமல் அப்படிப் படுக்கவேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லுகிறேன்.

சரக்கு மேடையில் நின்ற மனிதர்

இந்தக் கருத்து எனக்குள் திரண்டது புத்தகங்களால் அல்ல. நான் முதலில் வேலை செய்த பொதியிடும் தொழிற்சாலையில், பாரவண்டிகள் வந்து பின்பக்கமாக நிற்கும் சரக்கு மேடையில், வயதான ஒருவர் வேலை செய்தார். வட ஒன்ராறியோவில் சுரங்க நகரொன்றில் பிறந்து வளர்ந்தவர். மேடையின் கதவுகள் நாள் முழுவதும் திறந்து மூடுவதால் அங்கே நிற்பவர்களுக்கு வெளியே நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்றுதான். எங்கள் பெடியன்கள் சிலரும் அங்கே வேலை செய்தார்கள். வேலை தொடங்கும் மணி அடிக்கப்போகும் நேரத்தில் அவர்கள் ஜக்கற்றின் ஒரு கையை மாட்டியபடியே ஓடுவார்கள், மறு கையை ஓடும்போது மாட்டுவார்கள். தொப்பி போடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று அவர்களுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அந்த மனிதர் மட்டும் மணி அடிப்பதற்கு நெடுநேரம் முன்பே வந்து உடை மாற்றும் வாங்கில் உட்கார்ந்துவிடுவார்.

அவர் உடுத்துவதை நான் முதலாவது குளிர்காலம் முழுவதும் பார்த்தேன். தோலோடு ஒட்டும் உள்ளுடுப்பு பருத்தியாக இருக்காது. மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல். அதன் மேலே சற்றுத் தளர்ந்த கம்பளிச் சட்டை. அதற்கு மேலே காற்றை மறிக்கும் மெல்லிய மேலங்கி. சட்டையின் கைமுனையைக் கையுறைக்குள் செருகி, கையுறையின் விளிம்பை மேலங்கியின் கைக்குள் இழுத்துவிட்டு, விரலால் சுற்றித் தடவி இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். விரல்களைப் பிரிக்கும் கையுறை அவரிடம் இருந்ததில்லை. நான்கு விரல்களும் ஒரே பைக்குள் ஒன்றை ஒன்று சூடாக்கும் வகையையே வைத்திருந்தார். சப்பாத்துக்குள் இரண்டு காலுறை போட்டாலும் விரல்களை அசைத்துப் பார்ப்பார். அசைக்க இடமில்லாவிட்டால் ஒன்றைக் கழற்றிவிடுவார், ஏனென்றால் இறுகிய சப்பாத்து இரத்தத்தையும் மறிக்கும், சூட்டைத் தாங்கும் காற்றையும் வெளியேற்றிவிடும். பாரம் தூக்கத் தொடங்குவதற்கு முன்பு கழுத்துப் பட்டியைத் தளர்த்துவார், வியர்த்தபிறகு தளர்த்துவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலுறைகளைக் கழற்றி, பையிலிருந்து உலர்ந்த இன்னொரு சோடியை எடுத்துப் போடுவார். ஈரம்தான் அவருக்குப் பெரிய எதிரி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும் என்பதை அவர் எண்ணாகச் சொன்னதில்லை, ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றிலும் அந்த எண் இருந்தது.

ஒரு நாள் நான் அவரிடம் கேட்டேன். என்னுடைய ஆங்கிலம் அப்போது தட்டுத் தடுமாறியது. ஆனாலும் கேள்வி அவருக்கு விளங்கியது. அறுபது குளிர்காலங்களைக் கண்ட உங்களுக்கு இன்னும் பழகவில்லையா என்றேன். அவர் தொப்பியை உயர்த்தி இடது காதைக் காட்டினார். காதின் மேல்விளிம்பில் ஒரு சிறு பகுதி இல்லை. பத்தொன்பது வயதில், தனக்குக் குளிர் பழகிவிட்டது என்று நம்பித் தொப்பியில்லாமல் நடந்த ஓர் இரவில் போனது என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை நிறுத்தியது. இப்படி உடுத்தத் தனக்குத் தகப்பன் கற்றுக்கொடுத்தார், தகப்பனுக்கு அவருடைய தகப்பன் கற்றுக்கொடுத்தார், அந்த இரவு வரைக்கும் தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றார். நான் அதுவரை அந்த நாட்டுக்காரர்களுடைய உடம்பில் எங்களிடம் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றும், நாள்பட நாள்பட அது எங்களுக்குள்ளும் ஊறிவிடும் என்றும் எண்ணியிருந்தேன். அவர்களிடம் இருந்தது உடம்பில் ஊறியதல்ல. எங்கள் தோட்டக்காரர் வெங்காயத்துக்கு எந்த நேரம் தண்ணீர் மாறவேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, தலைமுறையாகக் கையளிக்கப்பட்டுவந்த ஒரு தொழிலறிவு. தொழிலறிவு என்றால் அதை யாராவது எங்களுக்கும் சொல்லித்தரலாம். காத்திருந்தால் வராது, கேட்டால் வரும். அன்று மாலை வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, என் கையுறைக்கும் கோட்டின் கைக்கும் இடையில் திறந்து கிடந்த மணிக்கட்டைக் கவனித்தேன். அதை மூடியதும் விரல்களின் வலி சற்று நேரத்தில் தணியத் தொடங்கியது.

எங்கள் பெரியவர்கள் ஏன் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். 1983க்குப் பிறகு போனவர்களில் பெரும்பாலோர் அகதிகளாகவே போனார்கள். 1986 ஆவணியில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மூடுபனிக்குள் மிதந்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களிடம் குளிருக்கென்று என்ன இருந்திருக்கும்? அந்தத் தலைமுறை கிடைத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு இரவு வேலைக்குப் போனது. ஷெல்லடிக்குத் தப்பி வந்தவர்கள் குளிருகிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூசினார்கள். ஊரில் பதுங்குகுழிக்குள் இருக்கும் தாய் தகப்பனுக்கு அதை எப்படிக் கடிதத்தில் எழுதுவது? தாங்கினோம் என்ற நினைவு மட்டும் அவர்களிடம் மிஞ்சியது. யார் தங்களுக்கு எதைக் காட்டித்தந்தார்கள், எந்தக் கோட்டை எறிந்துவிட்டு எந்தக் கோட்டை வாங்கினார்கள், எத்தனை முறை காய்ச்சலில் கிடந்து எதை மாற்றிக்கொண்டார்கள் என்ற விபரங்கள் எல்லாம் கரைந்து, பழகிவிட்டது என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டன. பின்வீட்டுப் பிள்ளையின் மாமன் பொய் சொல்லவில்லை. கற்றுக்கொண்டதை அவர் பழக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருடைய வாக்கியத்தைக் கேட்கும் பிள்ளைக்கு, நடுங்குவது தன்னுடைய குறை என்ற எண்ணம் வருகிறது. கேட்க வெட்கப்படுகிறாள். கேட்காதவரைக்கும் எவரும் காட்டித்தரமாட்டார்கள்.

இங்கே திரும்பி வந்த முதல் மார்கழியில் எனக்கு இது இன்னொரு விதமாகவும் உறுதிப்பட்டது. திருவெம்பாவைக் காலத்தில், சங்கும் சேமக்கலமும் கேட்கும் விடியற்காலையில், வாடைக்காற்று முற்றத்துக்குள் இறங்கும்போது எனக்குக் குளிர்ந்தது. கனடாவின் இத்தனை குளிர்காலங்களில் ஒன்றையும் காணாத அம்மா, தோய்ந்த தலையோடு பருத்திச் சேலையில் பூக்கொய்துகொண்டிருந்தார். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டேன். எங்கள் வீடுகள் சூட்டை வெளியேற்றக் கட்டப்பட்டவை. ஓட்டுக் கூரையும் திறந்த முற்றமும் கம்பிபோட்ட யன்னலும் அதற்காகவே. அங்கே 21 பாகை வீட்டில் சட்டையோடு இருந்த உடம்பு இங்கே 22 பாகைக் காற்றில் நடுங்கியது என்றால், அது எதற்கும் பழகியிருக்கவில்லை. அங்கே எனக்குக் கைவந்தது உடுத்தும் முறை மட்டும்தான்.

இங்கே சரியானது, அங்கே ஆபத்தானது

பின்வீட்டுப் பிள்ளையிடம் நான் முதலில் சொன்னது, வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதே, காற்றுக் குளிர்ச் சுட்டெண்ணையும் பார் என்பது. கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் ஒரே சூத்திரத்தால் அதைக் கணிக்கின்றன. மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது காற்றில்லாத மைனஸ் 20 போலத்தான். சுட்டெண் மைனஸ் 28க்குக் கீழே இறங்கினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். ஒரு பஸ் பிந்துவதற்கு அவ்வளவு நேரம் போதும். காதும் மூக்கும் விரலும்தான் முதலில் போவன. வலி நின்று மரத்துப்போனால் ஆறுதல் அடையக்கூடாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. உறைந்த தோல் வெளுக்கும் என்று பொதுவாக எழுதியிருப்பார்கள், எங்கள் நிறத்தில் அது சாம்பல் பூத்ததுபோல, மெழுகுபோலத் தெரியலாம் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். தேய்க்கக்கூடாது, நெருப்புக்கு முன்னால் பிடிக்கவும் கூடாது. உணர்விழந்த தோலுக்குச் சுடுவது தெரியாது. மீண்டும் குளிர்படாத இடத்துக்கு வந்தபிறகு, உடல் சூட்டின் அளவான 37 முதல் 39 பாகை நீரில் வைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டும். தைலம் பூசுவது இதற்கு மருந்தாகாது.

இதைவிடக் கூடிய அச்சம் எனக்கு வேறொன்றில் உண்டு. 2013 மார்கழியில், நத்தாருக்குச் சில நாட்களுக்கு முன்பு, ரொறன்ரோவில் உறைமழை பெய்து மரங்களும் மின்கம்பிகளும் பனிக்கட்டி ஏறி முறிந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சிலருக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் சென்றன. யாழ்ப்பாணத்தில் 1990 முதல் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். மின்வெட்டு எங்களுக்குப் புதிதல்ல என்ற துணிச்சல் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் அங்கே மின்சாரத்தோடு சூடும் போய்விடுகிறது. அப்போது சிலருக்கு முதலில் தோன்றும் யோசனை கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது. ஊரில் எங்கள் அடுப்படியில் புகைக்கூடு உண்டு, ஓடுகளுக்கு இடையில் நீக்கல் உண்டு, கதவு திறந்தே கிடக்கும். அங்கே வீடு காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டப்பட்டது. கரி எரியும்போது வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை பாரமாகும், தூக்கம் வரும், அதோடு முடிந்துவிடும். தீயணைப்புப் படையினர் அந்த நாட்களில் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். பேஸ்மென்ற் அறை எடுக்கும் பிள்ளை கட்டிலைப் பார்ப்பதற்கு முன்பு சுவரில் அந்த வாயுவை அறிவிக்கும் கருவி இருக்கிறதா, வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஊரில் எங்களைக் காத்த அறிவு அங்கே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை, பழகிவிடும் என்ற வாக்கியத்துக்குள் எப்படி அடக்குவது?

இருட்டு

குளிரை உடுப்பால் மறிக்கலாம். இருட்டை மறிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரம் நீளும்; ரொறன்ரோவில் அது ஒன்பது மணிக்கும் குறைவு. மார்கழி மதியத்தில் இங்கே சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கிறது, அங்கே 23 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில், 1980களில் மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போன எங்கள் ஆட்கள் இதைவிடக் கடுமையானதைக் கண்டார்கள். கார்த்திகைக் கடைசி தொடங்கித் தை நடுப்பகுதி வரைக்கும் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. அங்கே இருந்து வந்த உறவினர் ஒருவர், கடற்கரைக் குளிர் தன்னை ஒன்றும் செய்யவில்லை என்றும், மதியம் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுச் சோறு தின்றதுதான் தன்னை உருக்கியது என்றும் சொன்னார். இது பலவீனமல்ல. குளிர்காலத்தில் வந்து இளவேனிலில் போகும் மனச்சோர்வு 1984 முதல் மருத்துவத்தில் பெயரிட்டு விவரிக்கப்பட்டிருக்கிறது. உயிர்ச்சத்து டீ பற்றியும் கணக்கு உண்டு: ரொறன்ரோவுக்குச் சற்றுத் தெற்கே உள்ள பொஸ்ரன் நகரில் கார்த்திகை முதல் மாசி வரையான வெயிலில் தோல் அந்தச் சத்தை ஆக்குவதில்லை என்று 1988 இல் காட்டப்பட்டது. எங்கள் கருந்தோலுக்குக் கோடையிலும் கூடுதல் வெயில் தேவைப்படுகிறது. அதனால் போன உடனேயே வைத்தியரிடம் கேட்டு அந்தச் சத்தை எடுக்கத் தொடங்கவேண்டும். எலும்பு நோகும்வரை பார்த்திருக்கக்கூடாது.

இருட்டுக்குள் எங்கள் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: வகுப்பு, வேலை, அறை, படுக்கை. பகல்வெளிச்சத்தைக் காணாமலே வாரங்கள் போய்விடும். சொல்லமாட்டார்கள். தொலைபேசியில் தாய், "குளிருதோ? வடிவாச் சாப்பிட்டியோ?" என்று கேட்பார்; பிள்ளை, "இல்லையம்மா, ஓமம்மா" என்று இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிடும். பின்வீட்டுப் பிள்ளையின் தாயிடம் நான் கேட்டுக்கொண்டது அந்தக் கேள்விகளை மாற்றும்படிதான். இன்றைக்குப் பகலில் வெளியே நடந்தாயா, நேற்றுப் போட்ட காலுறை காய்ந்ததா, பக்கத்து அறைப் பிள்ளை என்ன உடுத்திக்கொண்டு போகிறாள் என்று கேளுங்கள் என்றேன். அழைக்கும் நேரத்தையும் மாற்றச் சொன்னேன். இங்கே காலை ஏழு மணிக்குப் பூசை முடித்து அழைத்தால் அங்கே முதல்நாள் இரவு எட்டரை மணி. பிள்ளை யன்னலும் சரியாக இல்லாத அறைக்குள் படுத்தபடி பேசும். இரவு பத்து மணிக்கு நீங்கள் படுக்கப் போகுமுன் அழைத்தால் அங்கே அன்று முற்பகல் பதினொன்றரை. வகுப்பில்லாத நாட்களில் பிள்ளையை வெளியே வரச் சொல்லுங்கள். தொலைபேசியை உட்பையில் வைத்து, காதுக் கருவியைத் தொப்பிக்குள் விட்டுக்கொண்டு வரட்டும். குளிரில் வெளியே பிடித்தால் மின்கலம் விரைவில் இறங்கும், கையும் விறைக்கும். வெயில் இருக்கும் பக்கத்து நடைபாதையில், பனிக்கட்டி வழுக்காமல் பாதத்தைத் தட்டையாக வைத்து, சிறிய அடிகளாக நடந்துகொண்டு பேசட்டும். நீங்கள் அரை மணி நேரம் பேசினால் அது அரை மணி நேரம் நடக்கும்.